நானூற்றுப் பன்னிரண்டு செல்கள்

ஜனவரி 6
பணிமனை

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் பத்தாவது நிமிடம் நமக்குள் அடிதடி ஆகிவிடுகிறது. எழுதினால் திட்டுவதற்கு முன் பேனாவையாவது தேட வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய ஏற்பாடே நல்லது. பதிலை வழக்கம்போலப் பணிமனைக்கே அனுப்பு. வீட்டுத் தபால் பெட்டியின் கதவு கழன்று ஒரு வருடமாகிறது. "ஊர்ல உள்ள லிஃப்டுக்கெல்லாம் கதவு சரி பண்றாரு, வீட்டுப் பெட்டிக்கு ஒரு கதவு மாட்டத் துப்பில்லை" என்று உன் அண்ணி வாரம் ஒரு முறை எனக்கு அர்ச்சனை செய்கிறாள்.

எனக்கு ஒன்றுமில்லை. பெல்ட்டில் மட்டும் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறேன். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. மத்தியானம் மோட்டார் அறையில் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறது. கூட்டாளி குட்டையை உனக்குத் தெரியும், ஆறடி இரண்டு அங்குலம், அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவன், "என்னண்ணே, பத்து வருஷத் தூக்கத்தை ஒரே மாசத்துல தூங்குறீங்க" என்று கேலி செய்கிறான். நாற்பத்தெட்டு வயதில் தூக்கம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

டாக்டரிடம் போகச் சொல்லி உன் அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். "என் ரத்தம் ஆராய்ச்சிக்கூடத்துல ஆரோக்கியத்துக்கே உதாரணமா இருக்கு, எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் உன்னைப் பார்க்க வந்தபோது, "ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் குறையுதுண்ணா" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று குழாய் உறிஞ்சினாயே, அந்த ரத்தம் என்ன ஆயிற்று? ஏதோ படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தாய். அதுவும் நமுத்த பிஸ்கட்.

படிப்பு எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். அதனால் கேட்கவில்லை. எப்போது முடியும்?

அண்ணன்

ஜனவரி 25
ஆய்வகம்

அண்ணா,

கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்கிற ஆள் நீ ஒருவன்தான். ஆறாவது வருடம் நடக்கிறது. முடிந்தால் நானே தண்டோரா போடுகிறேன்.

உன் ரத்தம் சுகம். அதில் ஒரு குழாய் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. எண் ஏழு. இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். காவலுக்கு நிற்க வேண்டிய செல்களே உடம்பைத் தாக்கும் ஒரு நோயைத்தான் நான் ஆராய்கிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், நீ பலமுறை தூங்கியிருக்கிறாய். நோயாளிகளின் வெள்ளையணுக்களை எதனோடாவது ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் நோயில்லாத பத்துப் பேர். இங்கே வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், வசமாக மாட்டிக்கொண்ட அண்ணன்கள்.

ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு தனித் துளிக்குள் அனுப்புகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்கோடு ஒட்டி, அந்தச் செல்லுக்குள் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று படிக்கிறோம். கணினி ஒவ்வொரு செல்லையும் ஒரு புள்ளியாக வரையும். ஒரே மாதிரியானவை ஒரே இடத்தில் கூடிக்கொள்ளும். சில சமயம் ஒரே துளியில் இரண்டு செல்கள் விழுந்துவிடும். அப்போது ஒரு புள்ளிக்கு இரண்டு முகம். அதை 'இரட்டை' என்போம். பார்த்ததும் நீக்கிவிட வேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

இப்போதைய தலைவலி என்னவென்றால், எங்கள் கட்டுரையைப் பரிசீலித்த ஒரு மகானுபாவர், 'நீக்கிய செல்களை எல்லாம் காட்டு, ஏன் நீக்கினாய் என்று சொல்' என்று எழுதியிருக்கிறார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிற மாதிரி. எல்லா மாதிரிகளையும் முதலிலிருந்து திறக்க வேண்டும். ஒரு மாதமாவது போகும்.

அண்ணி சொன்னால் டாக்டரிடம் போய்விட்டுத்தான் வாயேன். ஆனால் பயப்படாதே. உன் ரத்தத்தைச் செல் செல்லாகப் பார்த்தவள் நான். பத்துப் பேரில் உன்னுடையதுதான் சுத்தமான படம். பேராசிரியை கருத்தரங்கில் அதைத்தான் முதலில் காட்டினார். வயிற்றுக்கு நேரத்துக்குச் சாப்பிடு. ரத்தத்துக்கு நான் கேரண்டி.

சுண்டெலி

பிப்ரவரி 14
பணிமனை

சுண்டெலி,

உன் கேரண்டியை உன் அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, பணிமனைச் சுவரில் ஒட்டினேன். "அவ டாக்டருக்குப் படிக்கலை, வேற என்னமோ படிக்கிறா. அவ விளையாட்டா எழுதினதைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீங்க" என்றாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. தட்டு மட்டும் 'டங்'கென்று வந்து விழுந்தது.

போன வாரம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினேன். ஏறி வர முடியவில்லை. ஐந்தே படி உள்ள ஏணி. இடது விலாவுக்குக் கீழே செங்கல்லை வைத்துத் தைத்த மாதிரி ஒரு பாரம். குட்டை மேலேயிருந்து கை கொடுத்துத் தூக்கினான். தூக்கிவிட்டு, "அண்ணே, ஆளு பாதியாயிட்டீங்க, வயிறு மட்டும் அப்படியே நிக்குது" என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கழுத்தில் கோலிகுண்டு அளவில் ஒரு கட்டியும் இருக்கிறது. வலிக்கவில்லை. உன் அண்ணியிடம் காட்டவில்லை, காலர் மறைத்துவிடுகிறது.

உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் தினமும் காலையில் சுவரில் உள்ள உன் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். உனக்குத் தெரியாமல் என் ரத்தத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?

அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

நேற்று அண்ணியிடம் போனில் சொன்னதைத் தட்டாமல் செய். வயிற்று டாக்டர் வேண்டாம், ரத்தநோய் டாக்டர். இத்துடன் மடித்து வைத்திருக்கும் தாளை அவரிடம் கொடு. அதில் இரண்டு பரிசோதனைகளின் பெயர் இருக்கிறது, பார்த்தால் புரிந்துகொள்வார். கழுத்துக் கட்டியைக் காட்டு. காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு போகாதே.

சுவரில் ஒட்டியிருக்கும் என் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன்னிடமே சொல்லத்தான் போன் செய்தேன். நீ "என்ன சுண்டெலி, அதிசயமா?" என்றதும் எனக்குக் குரல் எழும்பவில்லை. அதனால்தான் அண்ணியிடம் கொடுக்கச் சொன்னேன். காரணத்தை இப்போது கேட்காதே.

தங்கை

ஏப்ரல் 2
மருத்துவமனை, நான்காம் மாடி

அன்புள்ள சுண்டெலி,

பெயர் வைத்துவிட்டார்கள். நிணநீர்ப் புற்று. அதிலும் லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வகையாம். லாட்டரியில் விழாத அதிர்ஷ்டம் இதில் விழுந்திருக்கிறது. மண்ணீரல் மூன்று மடங்கு வீங்கியிருக்கிறது. குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருக்கிறது. மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் உடம்பு தூக்கிப் போட்டதில் உன் அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்திருந்தால் ஊசி அசையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். உன் தாளைப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். தங்கை என்றேன். "முதல் நாளே இந்த டெஸ்டைக் கேட்கணும்னு எல்லாருக்கும் தோணாது சார். இதனால நமக்கு நாலு வாரம் மிச்சமாச்சு" என்றார். எனக்கு உடம்பு வலியெல்லாம் ஒரு நிமிடம் எங்கோ போய்விட்டது. அடுத்த கட்டிலில் இருப்பவரிடமும் சொன்னேன். அவர் காது கேட்காதவர், இருந்தாலும் சொன்னேன்.

உன் பெயரை எடுத்தாலே உன் அண்ணிக்குக் கண் கலங்குகிறது. எப்படிக் கண்டுபிடித்தாய்? புது இயந்திரம் ஏதோ வந்து, பழைய ரத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்திருப்பாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித்தானே?

இங்கே இரண்டாவது லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு விரல் அளவு கீழே நிற்கிறது. சக்கர நாற்காலி தடுக்கும். சொன்னால், "படுங்க சார்" என்கிறார்கள்.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

இதைப் பணிமனைக்கு எழுதுகிறேன், குட்டை அண்ணன் உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கட்டும். அண்ணி பக்கத்தில் இல்லாதபோது படி.

புது இயந்திரம் எதுவும் வரவில்லை. புதிதாக எதையும் ஓட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த அதே தரவில் அது இருந்தது. நான்தான் நீக்கினேன்.

வெள்ளையணுக்களில் பி செல் என்று ஒரு வகை, டி செல் என்று ஒரு வகை. இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. ஒரே புள்ளியில் இரண்டு அடையாளமும் தெரிந்தால் அது இரட்டை என்று கை பழகிப்போயிருந்தது. உன் ஒன்பதாயிரம் செல்களில் நானூற்றுப் பன்னிரண்டு அப்படி இருந்தன. வழக்கமாக விழும் இரட்டைகளும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இருக்கும். அதனால் சந்தேகம் வரவில்லை. அன்று மத்தியானம் கருத்தரங்கு ஒத்திகை. படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அவசரம். ஒரு வரி தட்டினேன், போய்விட்டன. பேராசிரியை பார்த்துவிட்டு, "இப்படி இருக்கணும் படம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

உன் நோயில் பி செல்லே டி செல்லின் அடையாளத்தை மாட்டிக்கொண்டு திரியும். இது புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு செல்கள் ஒட்டியிருந்தால் உள்ளே சரக்கும் ஏறக்குறைய இரண்டு பங்கு இருக்க வேண்டும். இவற்றில் ஒரு பங்குதான் இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே போதும். பி செல் ஒவ்வொன்றும் தனக்கென்று தனிக் கொக்கி வைத்திருக்கும், சாதாரணமாக ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இந்த நானூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே கொக்கி. அதாவது எல்லாம் ஒரே செல் பெற்றுப்போட்ட பிள்ளைகள். அந்தப் பரிசீலகர் கேட்டாரே என்று முணுமுணுத்துக்கொண்டே மார்ச் ஏழாம் தேதி உன் மாதிரியைத் திறந்தேன். கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கால் மணி நேரத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை.

அது போதாதென்று கேரண்டி வேறு எழுதினேன். நீ ஏணியில் ஏற முடியாமல் நின்ற வாரத்தில் என் கடிதம் உன் சுவரில் இருந்திருக்கிறது.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தில் எது தெரிந்தாலும் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று நீ படிக்காமல் கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கிறது. அதை மீறி அண்ணிக்குப் போன் செய்தேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். "விதிப்படி நீ பண்ணது தப்பு. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றார் பேராசிரியை. நீக்கியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மன்னிப்பு கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

தங்கை

மே 30

அண்ணா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. மூன்றாவது சுற்று மருந்து முடிந்தது, வாயெல்லாம் புண், நீராகாரம்தான் இறங்குகிறது என்று அண்ணி சொன்னார். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ தூங்குவதாகச் சொன்னார். பின்னால் நீ இருமுவது கேட்டது.

திட்டியாவது எழுது.

தங்கை

ஜூலை 3
வீடு

சுண்டெலி,

மன்னிப்பு கேட்டால் கொடுத்துவிடுவேன், உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் தடவை படித்ததும் குட்டையை வெளியே போகச் சொன்னேன். அவன் ஏற்கெனவே படித்துவிட்டான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. உறை ஈரமாகிப் பிரிந்துவிட்டதாம். பொய் சொல்லக்கூடத் தெரியாதவன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கி விழுந்த யானைக்கு அடியில் கிடப்பவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஒன்பதாயிரம் செல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்த்தாய்? அது உன் அண்ணனுடையது என்று தெரியும்தானே? வேற்று ஆள் ரத்தமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருப்பாயோ? 'நம்ம அண்ணன்தானே, இவனுக்கு என்ன வரப்போகிறது' என்றுதானே விட்டாய்? என் கோபமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

டாக்டரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "உறுதியா சொல்ல முடியாது சார். அப்ப அது தூங்கிக்கிட்டுக்கூட இருந்திருக்கலாம். ஆனா உடம்புல தெம்பு இருக்கும்போதே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு உன்னைக் கழுவேற்றவும் முடியவில்லை, இறக்கிவிடவும் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. லிஃப்டுக் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் ஓடாது. அதற்குக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. சோதிக்கும்போது அந்தச் சுவிட்சைத் தாண்டி ஒரு சின்ன ஒயரை மாட்டி ஓட்டிப் பார்ப்போம். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் கதவு திறந்தபடியே லிஃப்ட் நகரும். இருபத்தாறு வருடத்தில் நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன். ஒரு தடவை குட்டை பார்த்து எடுத்தான். இன்னொரு தடவை மறுநாள் காலை எனக்கே ஞாபகம் வந்து, பல் விளக்காமல் ஓடினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று என் புத்திக்குத் தெரிகிறது. கோபம் புத்தியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நீ கேரண்டி எழுதாவிட்டாலும் நான் டாக்டரிடம் போயிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். எனக்குச் சாக்கு வேண்டியிருந்தது, நீ கொடுத்தாய். இதையும் எழுதிவிட்டேன். இதற்கு மேல் நியாயம் பேச எனக்குத் தெம்பில்லை.

இப்போது வராதே. வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

அண்ணன்

ஜூலை 22

அண்ணா,

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். மற்ற ஒன்பது பேருடையதையும் பார்த்த பிறகு, கடைசியாகத்தான் உன்னுடையதைத் திறந்தேன். 'அண்ணன்தானே' என்று மனசு லேசாக இருந்தது. நீ சரியாகத்தான் பிடித்திருக்கிறாய்.

பேராசிரியை ஏழாம் எண்ணை மட்டும் கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். ஒன்பது பேர் போதுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். என்ன நீக்கினேன், ஏன் நீக்கினேன், எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக எழுதுகிறேன், நீ சம்மதித்தால். உன் பெயர் வராது. வேண்டாம் என்றால், உறைபெட்டியில் இருக்கும் குழாய் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட உனக்கு உரிமை இருக்கிறது.

எனக்கு இப்போது தாங்க முடியாதது வேறு. அண்ணி போன வாரம் போன் செய்தார். "நீ கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்ததாலதான் இவர் இன்னைக்கு உக்காந்து பேசுறாரு. நீ நல்லா இருக்கணும்" என்றார். எனக்கு ஒரு சால்வை பின்னிக்கொண்டிருக்கிறாராம், மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன்.

நான் அண்ணியிடம் சொல்லப்போகிறேன். நேரில் வந்து, காலில் விழுந்தாவது சொல்லிவிடுகிறேன். உன்னால் முடிந்தால் நீ முன்னாலேயே சொல்லிவை.

தங்கை

ஆகஸ்ட் 18
மருத்துவமனை

சுண்டெலி,

சொல்வது நான், எழுதுவது குட்டை. பேனா பிடித்தால் விரல் நடுங்குகிறது. எழுத்துப் பிழைகள் அவனுடையவை, மற்றதெல்லாம் என்னுடையது. 'அப்படியெல்லாம் ஒண்ணும் தப்பா எழுத மாட்டேன்' என்கிறான். அதையும் எழுதச் சொன்னேன்.

இனி மருந்து நோயைத் தின்னாது, என்னைத்தான் தின்னும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னப் பெண், சொல்லும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மஜ்ஜை மாற்றுவது பற்றிக் கேட்டாயாம், அதைத் தாங்கும் கட்டத்தை உடம்பு தாண்டிவிட்டது. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு வாரக் கணக்கில் சொன்னார். உன் அண்ணிக்கு மாதக் கணக்கில் சொல்லியிருக்கிறேன்.

நீ அத்தியாயம் எழுது. குழாயை வைத்துக்கொள். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல். உன் அண்ணியிடம் மட்டும் சொல்லாதே.

கத்தாதே, கேள். என்னைக் கட்டிக்கொண்ட நாளோடு அவள் பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது, இன்றுவரை திறக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நான் போன பிறகு அவள் போனை எடுத்து அழைக்க ஒரே ஒரு எண்தான் மிச்சம், அது உன்னுடையது. அதையும் நீ பிடுங்கிவிடுவாயா? நீ உண்மையைச் சொன்னால் அவள் உன்னை மன்னிக்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். அவள் தம்பியிடம் பேசி இருபது வருடம் ஆகிறது. உன்னையும் விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து, இரண்டு வருடத்தை நாள் நாளாக எண்ணிக்கொண்டிருப்பாள். அந்த எண்ணிக்கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான்கு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் மனசை லேசாக்கிக்கொள்ள அவள் மனசில் பாரத்தை ஏற்றாதே. அவள் நன்றி சொன்னால் வாங்கிக்கொள். சால்வை கொடுத்தால் போர்த்திக்கொள். கண்ணாடிச் சில்லை விழுங்குகிற மாதிரிதான் இருக்கும். விழுங்கு.

இதைத் தண்டனை என்று வைத்துக்கொண்டாலும் சரி, மன்னிப்பு என்று வைத்துக்கொண்டாலும் சரி. எனக்கே எது என்று தெரியவில்லை. கோபம் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அது கோபத்தைவிடப் பெரிசாக இருக்கிறது.

வா. விசாரணை, பரீட்சை எல்லாம் கிடக்கட்டும். உடனே வா.

அண்ணன்

செப்டம்பர் 12
ஆய்வகம்

அண்ணா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நாளை மறுநாள் விசாரணைக் குழு முன் நிற்க வேண்டும். அது முடிந்ததும் கிளம்பி வருகிறேன். அதுவரை இரு. இருப்பது உன் கையில் இல்லை என்று தெரியும், இருந்தாலும் இரு.

பதினொரு நாளில் நீ விழித்திருந்தது மொத்தமாக ஒரு நாள்கூட இருக்காது. முதல் நாள் கண்ணைத் திறந்து, "என்ன, எலி இளைச்சுப்போச்சு" என்றாயே, உன் எலும்பெல்லாம் தெரிய நீ என்னைச் சொன்னாய். திட்டுவாய் என்று தயாராக வந்திருந்தேன். நீ திட்டவில்லை. ஒரே ஒரு மத்தியானம் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாய். அது என்னவென்று நான் கேட்கவில்லை, எனக்குப் புரிந்தது.

உனக்கு நகம் வெட்டிவிட்டேன். கால் விரல் ஒன்றில் கிரீஸ் கறை இன்னும் போகாமல் இருந்தது. தேய்க்க மனம் வரவில்லை.

நீ தூங்கும்போதெல்லாம் அண்ணி என்னிடம் பேசிக்கொண்டேயிருந்தார். வருகிற பார்வையாளர்கள், நர்ஸ், தரை துடைக்க வரும் அம்மா, எல்லோரிடமும், "இவதான் கண்டுபிடிச்சா, என் நாத்தனார்" என்று அறிமுகம் செய்தார். தரை துடைக்கும் அம்மா என் தலையில் கை வைத்து, "மகராசியா இரு" என்றார். இரண்டு தடவை சொல்லிவிட வாயெடுத்தேன். ஒரு தடவை நீ முனகினாய், எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு தடவை அண்ணியே, "நீ எதுவும் சொல்ல வேண்டாம், உன் மனசு எனக்குத் தெரியும்" என்று என் வாயைக் கையால் மூடினார்.

பஸ் நிறுத்தம் வரை அவரே வந்தார். என் பையை என்னைத் தூக்க விடவில்லை. இந்த ஆறு மாதத்தில் அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது, நீ கவனித்தாயா தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறப்போன என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவு நாளும் உன் முன்னால் அழாமல் வைத்திருந்தார் போலிருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணி விடவில்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் கடைசி நாள்லதான் தெரியுதாம், அந்த டாக்டர் பொண்ணு சொன்னா. எனக்கு ஆறு மாசம் கிடைச்சுது. காலையில எழுந்ததும் மூச்சு வருதான்னு பார்த்து, முகம் துடைச்சு, சண்டை போட்டு, ஆறு மாசம். நீ மட்டும் அன்னைக்குப் பார்க்கலேன்னா இதுகூட எனக்கு இல்லை. இது நீ குடுத்ததுதானே? சொல்லு, நீ குடுத்ததுதானே?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார், அண்ணா.

"ஆமா அண்ணி" என்றேன்.

சுண்டெலி